எனக்க

திங்கட்கிழமை.
நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் வாசலில்
மனு எழுதுகிறவர் பேனாவை உதறிவிட்டுக் கேட்டார்:
"காணாமப் போன ஆளுக்கு நீ என்ன முறை?"

ததேயுஸ் போன அன்று
கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது.
தூத்தூரிலிருந்து பதினோரு பேர், சுறாத் தூண்டில்,
நாற்பது நாள் தங்கல் என்று சொல்லிவிட்டுப் போனான்.
இது நூற்றுப் பதினேழாவது நாள்.

நான் அருமனையில் ரப்பர் வெட்டுகிறவன்.
அவன் சட்டையில் உப்பு, என் சட்டையில் பால் புளித்த வாடை.
குழித்துறை வாடகை அறையில்
ஒன்பது வருஷம்
இரண்டும் ஒரே கொடியில் காய்ந்தன.

"கூட்டாளி" என்றேன்.
"யாவாரக் கூட்டா?"
"இல்ல."
"மாமன் மச்சான்?"
"இல்ல."
"பின்ன ஆருடே நீ அவனுக்கு?"

வரிசை நின்றுவிட்டது.

எனக்குப் பின்னால் மல்லன் காணி.
பேச்சிப்பாறைக்கு மேலே அவர் பிறந்த காட்டில்
அவர் பிறந்ததற்குச் சாட்சி கேட்கிறார்களாம்.
அவருக்குப் பின்னால் றோஸ்லெட்,
ரேஷன் கார்டில் இன்னும் றோபின்சன்.
அப்புறம் சாக்கடையில் தம்பியைப் பறிகொடுத்த ஒருவர்,
பெயர் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம்.
கடைசியில் லூர்தாள்,
நாற்றமென்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவள்,
சாட்சிக்குக் கூடையையும் கொண்டு வந்திருந்தாள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும்:
மார்த்தாண்டம் பஸ்ஸில் அந்தக் கூடை ஏறியபோதெல்லாம்
ஜன்னல் பக்கம் முகம் திருப்பியவன் நான்.
ததேயுஸின் கழுத்தில் அதே வாடையைத்
தேடித் தேடி முகர்ந்தவனும் நான்தான்.

எங்கள் சபையில் வருஷா வருஷம் பிரசங்கம் உண்டு.
தோளில் சீலை போட்டதற்காக
அடிபட்டவர்களின் பிள்ளைகள் நாம் என்பார்கள்.
எனக்கும் சிலிர்க்கும்.
அதே வாய்கள்தான்
விஷயம் தெரிந்த அன்று என்னிடம் வந்து
"வெளிய தெரியாம மூடி வச்சுக்க மக்கா" என்றன.
அன்றைக்கு மூடக்கூடாது, இன்றைக்கு மூடித்தான் ஆகணும்.
யார் உடம்பு, யார் சொல்வது என்பதில் மட்டும்
ஒரு மாற்றமும் இல்லை.

"எழுதும் வோய், வெயிலு ஏறுது."
லூர்தாள்தான்.
"அவனுக்கு இவன், இவனுக்கு அவன். இதிலென்ன கணக்கு?"
மல்லன் காணிக்கு விஷயம் பிடிபடவில்லை.
ஆனாலும் சொன்னார்:
"எனக்க காடுன்னு நான் சொன்னா
பேப்பர் எங்கன்னு கேப்பினும்.
இந்தப் பிள்ளைக்கும் அதாக்கும் சங்கதி."

எனக்க.
எங்கள் மாவட்டத்தைத் தாண்டினால் சிரிப்பார்கள்.
எனக்க வீடு, எனக்க கத்தி, எனக்க பால்சிரட்டை.
ராத்திரி இரண்டு மணிக்குத்
தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நான் இறங்குகையில்
அரைத்தூக்கத்தில் ஒருவன் சொல்வான்:
பாத்துப் போ, எனக்க பொன்னே.

பேனாவை வாங்கி
உறவுமுறை என்று போட்டிருந்த இடத்தில்
நானே எழுதினேன்: எனக்க.
கையெழுத்து கோணிவிட்டது.
சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வந்தார்கள்.
றோஸ்லெட், றோஸ்லெட் என்றே போட்டாள்.

உள்ளே இருந்தவர் படித்தார், நிமிர்ந்தார்,
மறுபடி படித்தார்.
முத்திரை குத்தி ஒரு நம்பர் தந்தார்.
அவ்வளவுதான். நம்பர்.

வடசேரியில் நாலே காலுக்கு வண்டி.
"கூடை ஏறாது" என்றார் கண்டக்டர்.
முதலில் இறங்கியது றோஸ்லெட்.
பிறகு நான். பிறகு காணி, செருப்பைத் தேடிக்கொண்டு.
பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றோம்.
ஹாரன். கெட்ட வார்த்தை. மறுபடி ஹாரன்.

லூர்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்:
"எனக்கு இந்த வண்டியில போணும்லே,
வீட்டுல உலை வைக்க ஆளில்ல,
ஏறித் தொலைங்க எல்லாரும்!"

ஏறினோம்.
கூடையை என் மடியில் வைத்தாள்,
கேட்காமலேயே.
வில்லுக்குறி தாண்டும்வரை
நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.
அதற்குப் பிறகு திரும்பினேன்,
அழுவது தெரிய வேண்டாம் என்றுதான்.